சரக்கு அவர்களுடையது, கடன் இவருடையது

மாதம் பிறந்தால் முதல் தேதியன்று மோட்டார் சைக்கிள் கம்பெனிகள் ஒவ்வொன்றும் ஒரு கணக்கை வெளியிடுகின்றன. சென்ற மாதத்தில் இத்தனை லட்சம் வண்டிகள் விற்றோம், போன வருஷம் இதே மாதத்தைவிட இத்தனை சதவிகிதம் அதிகம் என்று அதில் கண்டிருக்கும். பத்திரிகைகளும் அதைக் கொட்டை எழுத்தில் போடுகின்றன. படிக்கும் நாம் என்ன நினைக்கிறோம்? அத்தனை லட்சம் வீட்டு வாசல்களில் புது வண்டி வந்து நின்று, சந்தனம் குங்குமம் இட்டு, சக்கரத்தின் கீழ் எலுமிச்சம் பழம் நசுக்கியாகி விட்டது என்று நினைக்கிறோம். வாஸ்தவம் அப்படியில்லை. அந்தக் கணக்கில் 'விற்றது' என்றால், தொழிற்சாலைக் கதவைத் தாண்டி டீலருடைய கிடங்குக்குப் போய்ச் சேர்ந்தது என்று அர்த்தம். அங்கிருந்து வாங்குவோர் கைக்குப் போயிற்றா என்பது வேறு கேள்வி. அதற்கு விடை வேண்டுமானால் ஆர்.டி.ஓ. ஆபீஸ்களின் 'வாஹன்' பதிவைப் பார்க்க வேண்டும். 1964-ல் ஏற்பட்ட அகில இந்திய மோட்டார் வாகன டீலர்கள் சங்கக் கூட்டமைப்பு, 'பாடா' என்று சுருக்கமாகச் சொல்லப்படுவது, அந்தப் பதிவைக் கொண்டு மாதந்தோறும் வேறொரு கணக்கு வெளியிடுகிறது. இரண்டு கணக்குக்கும் இடையே விழும் வித்தியாசம் எங்கே இருக்கிறதென்றால், டீலரின் கிடங்கில் தார்ப்பாய் போர்த்திக்கொண்டு நிற்கிறது. அதற்கு வட்டி ஏறிக்கொண்டிருக்கிறது.

வட்டி என்றதும் நம்முடைய பள்ளிக்கூடப் புத்தி தலைகாட்டுகிறது. வகுப்பில் கரும்பலகையில் எழுதிப் போடும் கணக்காகவே இதைப் பார்க்கலாம். ஒரு வண்டியின் விலை 1,00,000 ரூபாய், வருஷ வட்டி 12 சதவிகிதம், வண்டி விற்காமல் 45 நாள் கிடக்கிறது, வட்டி என்ன? சுமார் 1,480 ரூபாய். இப்படி 200 வண்டி கிடந்தால் ஏறக்குறைய மூன்று லட்சம். டீலருக்கு வண்டி ஒன்றுக்குக் கிடைக்கும் கமிஷனோ விலையில் சில சதவிகிதந்தான். அதிலிருந்து கட்டட வாடகை, சிப்பந்திகளின் சம்பளம், மின்சாரம் எல்லாம் போக வேண்டும். சரக்கை டீலர் கடனாகப் பெறுவதில்லை என்பதை நேயர்கள் கவனிக்க வேண்டும். வண்டி வரும்போதே கம்பெனிக்குப் பணம் போய்விடுகிறது. பாங்கியோ வேறு நிதி ஸ்தாபனமோ டீலர் பேரில் கடன் எழுதிக்கொண்டு அந்தப் பணத்தைக் கட்டுகிறது. கம்பெனியின் கணக்கில் வரவு. டீலரின் கணக்கில் பற்று. வண்டி விற்றதா விற்கவில்லையா என்ற கவலை அந்த நிமிஷத்தோடு கம்பெனியை விட்டுப் போய்விடுகிறது.

நமது வேளச்சேரியில் இந்த வியாபாரம் நடக்கும் விதத்தைக் கண்ணால் காணலாம். தண்டீசுவரர் கோயிலும் ஏரியும் வயலுமாக இருந்த ஊர், இப்போது நூறடி ரோடும் மேம்பாலமுமாக இருக்கிறது. 2007-ல் பறக்கும் ரயில் வந்தது. 2013-ல் பெரிய அங்காடி மாளிகை வந்தது. விஜயநகர் சந்திப்பில் இரண்டடுக்கு மேம்பாலம் வருஷக்கணக்காகக் கட்டப்பட்டு 2021, 2022-ல் திறக்கப்பட்டது. பாலம் கட்டி முடியும் வரையில் இரு பக்கத்துக் கடைக்காரர்களும் தூசியைத் தின்றுகொண்டு காத்திருந்தார்கள். பாலம் முடிந்ததும் வாடகை ஏறிற்று. நகைக்கடையும் ஜவுளிக்கடையும் கொடுக்கும் வாடகையை மோட்டார் சைக்கிள் விற்பவன் எங்கே கொடுப்பான்? ஆனால் உள்தெருவுக்குள் போய்விடவும் அவனுக்கு அனுமதியில்லை. ரோட்டின் முகப்பில் இத்தனை அடி அகலம் இருக்க வேண்டும் என்பது கம்பெனியின் நிபந்தனை.

நிபந்தனை அதோடு நின்றால் பாதகமில்லை. தரையில் எந்த நிறக் கல் பதிப்பது, விளக்கு எத்தனை, பெயர்ப் பலகை என்ன அளவு, நாற்காலி எந்தக் கடையில் வாங்குவது, வண்டி எந்தக் கோணத்தில் நிற்பது, சிப்பந்தி என்ன சட்டை போடுவது எல்லாம் கம்பெனியின் கட்டளைப்படி நடக்க வேண்டும். கம்பெனி சின்னத்தை மாற்றினால் பலகையும் மாற வேண்டும். கம்ப்யூட்டர் கணக்கு முறைக்கு வருஷச் சந்தா உண்டு. எண்ணெயும் உதிரி பாகமும் இன்ன அளவு எடுத்தாக வேண்டும். இவ்வளவுக்கும் முதல் டீலருடையது. நம் பேட்டையில் வெகுகாலம் ஒரே கம்பெனியின் வண்டியை விற்று வந்த பெரியவர் ஒருவர், சில ஆண்டுகளுக்கு முன் கடையை மூடினார். மூன்று தடவை தரைக்கல்லைப் பெயர்த்துப் புதிதாகப் போட்டவர் அவர். நான்காவது தடவைக்குக் கடிதம் வந்தது. "வாத்தியார் ஸார், வருகிறவன் வண்டி பார்க்க வருகிறானா, கல் பார்க்க வருகிறானா?" என்று நம்மைக் கேட்டார். நமக்குப் பதில் தெரியவில்லை. அவர் கடை இருந்த இடத்தில் இப்போது பல் வைத்தியசாலை இருக்கிறது.

சரக்கைத் தலையில் கட்டும் வித்தை புதிதன்று. 1920, 21-ம் வருஷங்களில் அமெரிக்காவில் வியாபாரம் படுத்துவிட்டபோது, ஹென்றி ஃபோர்டு என்ன செய்தார்? பாங்கிகளிடம் கடன் கேட்கப் போகாமல், தொழிற்சாலையில் தேங்கிய கார்களைத் தம் ஏஜெண்டுகளுக்கு அனுப்பினார். அவர்கள் கேட்கவில்லை. ஆனால் ரொக்கம் கொடுத்து எடுக்க வேண்டும். எடுக்காவிட்டால் ஏஜென்ஸி போய்விடும். ஏஜெண்டுகள் தங்கள் ஊர்ப் பாங்கியில் கடன் வாங்கி எடுத்தார்கள். ஃபோர்டு கடன்படவில்லை என்று உலகம் அவரைப் புகழ்ந்தது. கடன்பட்டவர்கள் பெயர் சரித்திரத்தில் இல்லை.

விலை விஷயத்திலும் டீலருக்குச் சுதந்திரம் கிடையாது. சரக்கு தேங்கி வட்டி ஏறும்போது, ஆயிரம் ரூபாய் குறைத்தாவது தள்ளிவிடலாம் என்றுதான் எந்த வியாபாரிக்கும் தோன்றும். 2021 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம், கார் கம்பெனிகளில் பெரியதான மாருதி ஸுஸுகிக்கு 200 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. கம்பெனி அனுமதித்ததற்கு மேல் தள்ளுபடி கொடுக்கும் டீலர்களைக் கண்டுபிடிக்க, வாங்க வருபவர்களைப்போல் வேஷம் போட்ட ஆட்களை அனுப்பி, அகப்பட்டவர்களைத் தண்டித்தார்கள் என்பது ஆணையத்தின் முடிவு. கம்பெனியார் மேல்முறையீடு செய்தனர். அந்த வழக்கு எப்படிப் போனாலும், சொந்தப் பணத்தில் வாங்கிய சரக்கைக் குறைத்து விற்றதற்காக ஒரு வியாபாரியை ஒற்றர் வைத்துப் பிடிக்கலாம் என்று நினைப்பதே நமக்கு விசித்திரமாயிருக்கிறது. ராஜாக்கள் காலத்தில் உப்புக்கு ஒற்றர் வைத்ததுண்டு.

இனி, சட்டம் மாறும்போது யார் தலையில் விடிகிறது என்று பார்க்கலாம். புகை மாசைக் குறைப்பதற்காகச் சர்க்கார் ஏற்படுத்தியிருக்கும் பாரத் நிலைகள் நல்ல காரியம். அதில் நமக்குச் சந்தேகமில்லை. 2017 மார்ச் 29-ந் தேதி, மூன்றாம் நிலை வண்டிகளை ஏப்ரல் 1 முதல் விற்கக் கூடாது என்று ஸுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. அப்போது நாட்டில் விற்காமல் இருந்த அந்த வகை வண்டிகள் சுமார் 8.24 லட்சம், அவற்றில் 6.71 லட்சம் இரு சக்கர வண்டிகள். இடையில் இரண்டே நாள். ஆயிரக்கணக்கில் விலையைக் குறைத்தார்கள். திருவிழாக் கூட்டம் கூடிற்று. நம் தெருவிலும் அந்த இரண்டு நாளில் வண்டி வாங்கியவர்கள் உண்டு. ஓட்டத் தெரியாதவர்கள்கூட வாங்கினார்கள். அடுத்தபடி 2020-ல் ஆறாம் நிலை வந்தது. இந்தத் தடவை கெடு முன்கூட்டியே தெரியும். 2018 அக்டோபரிலேயே கோர்ட்டு சொல்லிவிட்டது. கெடு மார்ச் 31. ஆனால் மார்ச் 25-ந் தேதி கொரோனாவுக்காக தேசமே கதவடைத்துக் கொண்டது. டீலர்கள் சங்கம் கோர்ட்டுக்குப் போய், ஊரடங்கு முடிந்தபின் பத்து நாள், மீந்த சரக்கில் பத்தில் ஒரு பங்கு விற்கலாம் என்று அனுமதி பெற்றது. அனுமதித்த அளவுக்கு மேல் விற்றார்கள் என்று கோர்ட்டுக்குக் கோபம் வந்து ஜூலை 8-ந் தேதி அந்த அனுமதியும் ரத்தாயிற்று. அதிகமாக விற்றது தவறுதான். ஆனால் கெடு நெருங்கியபிறகும் பழைய வண்டிகளைக் கிடங்குகளுக்கு அனுப்பியவர்களை யாரும் கூண்டில் ஏற்றவில்லை.

சமீபத்திய உதாரணம் 2025-ல் நடந்தது. வரி குறையப் போகிறது என்று ஆகஸ்டு 15-ந் தேதி செங்கோட்டையிலிருந்து பிரதமர் அறிவித்தார். 350 ஸி.ஸி. வரையுள்ள வண்டிகளுக்கு 28 சதவிகிதம் 18 ஆகக் குறைந்தது செப்டம்பர் 22-ந் தேதி. ஜனங்களுக்கு மிகவும் உபகாரமான காரியம். நடுவில் இருந்த ஐந்து வாரமும் புத்தியுள்ள எவனும் வண்டி வாங்கவில்லை. நவராத்திரி பிறந்ததும் கூட்டம் வந்தது உண்மை. அதுவரையில் பாங்கி வட்டிக்கு விடுமுறை விடவில்லை.

கம்பெனியே போய்விட்டால்? அமெரிக்காவின் ஹார்லி டேவிட்ஸன் கதையை நேயர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 2007-ல் நம் மாம்பழத்தை அமெரிக்கா அனுமதிக்க, அவர்களுடைய அந்தப் பெரிய மோட்டார் சைக்கிளுக்கு நாம் வழி விட்டோம். ஹரியானாவில் பாவல் என்ற ஊரில் தொழிற்சாலை வைத்தார்கள். பெரிய நகரங்களிலெல்லாம் டீலர்களை நியமித்தார்கள். 2020 செப்டம்பரில், இந்தியாவில் உற்பத்தியையும் விற்பனையையும் நிறுத்துவதாக அறிவித்தார்கள். அப்போது டீலர்கள் சுமார் 35 பேர். ஒவ்வொருவரும் மூன்று நான்கு கோடி ரூபாய் முதல் போட்டிருந்தார்கள் என்றும், மொத்த நஷ்டம் 110 முதல் 130 கோடி வரை போகும் என்றும், 2,000 பேருக்கு வேலை போகும் என்றும் பாடா மதிப்பிட்டது. முறைப்படி தங்களுக்கு முன்தகவல் ஒன்றும் இல்லை என்பது டீலர்களின் புகார். அடுத்த மாதமே ஹீரோ கம்பெனியோடு உடன்படிக்கை ஏற்பட்டது. ஹார்லியின் பெயர் பிழைத்தது. 2023 ஜூலையில் இந்தியாவிலேயே செய்த சிறிய வண்டி ஒன்றும் வெளிவந்தது. பழைய டீலர்களில் சிலர் மாத்திரமே தொடர்ந்தார்கள். மற்றவர்கள் கண்ணாடி மாளிகை போல் கட்டி வைத்த ஷோரூம்களை என்ன செய்வது என்று விழித்தார்கள். ஹார்லி சின்னம் பதித்த சுவரில் வேறு யார் கடை வைப்பார்கள்?

மறு வருஷம், 2021 செப்டம்பரில், நமக்கு இன்னும் பக்கத்தில் மறைமலைநகரில் ஃபோர்டு கார் கம்பெனியும் அவ்வாறே அறிவித்தது. தொழிலாளர்களுக்காகச் சர்க்கார் பேசிற்று, சங்கங்கள் போராடின, அது நியாயமே. 170 டீலர்களும் அவர்களிடம் வேலை செய்த சுமார் 40,000 பேரும் எந்தக் கொடியின் கீழ் நிற்பது?

இந்த இடத்தில் நம் சென்னையின் பழங்கதை ஒன்றைச் சொல்ல வேண்டும். இப்போது உலகெங்கும் போகும் ராயல் என்பீல்டு எப்படித் தமிழ்நாட்டு வண்டியாயிற்று? சென்னையில் மதராஸ் மோட்டார்ஸ் என்று ஒரு கம்பெனி. இங்கிலாந்தில் ரெட்டிச் நகரத்தில் செய்யப்பட்ட வண்டிகளை வரவழைத்து விற்றுக்கொண்டிருந்தவர்கள். 1950-களில் இந்திய ராணுவம் எல்லைக் காவலுக்காக 350 ஸி.ஸி. புல்லட் வண்டிகள் 800 வேண்டுமென்று கேட்டது. 1955-ல் இங்கிலாந்துக் கம்பெனியோடு சேர்ந்து என்பீல்டு இந்தியாவை ஆரம்பித்து, திருவொற்றியூரில் தொழிற்சாலை வைத்தார்கள். 1970-ஐ ஒட்டி ரெட்டிச் கம்பெனி மூடிப்போயிற்று, திருவொற்றியூர் நின்றது. அதாவது, தாயாராகிய கம்பெனி இறந்தபின் ஏஜெண்டு பெற்ற பிள்ளை பிழைத்து வம்சத்தைக் காப்பாற்றிற்று. டி. வி. சுந்தரம் ஐயங்கார் குடும்பத்தின் கதையும் இந்த ஜாதிதான். 1911-ல் மதுரையில் பஸ் விட்டவர், பிறகு அமெரிக்க ஜெனரல் மோட்டார்ஸின் வண்டிகளை விற்றார். அந்தக் குடும்பத்தார் 1980-ல் ஹோசூரில் மொப்பெட் செய்ய ஆரம்பித்தார்கள். விற்பனை செய்தவர்களுக்கு வண்டி எங்கே கெடும், எந்த ஊர் மண்ணில் எது உழைக்கும், ஜனங்கள் எதற்குப் பணம் கொடுப்பார்கள் என்று தெரிந்திருந்தது. அந்த அறிவிலிருந்து தொழில் பிறந்தது. தரைக்கல்லின் நிறத்தைக்கூடத் தீர்மானிக்க உரிமையில்லாத இன்றைய டீலரிடமிருந்து அப்படி ஒன்று பிறக்கும் என்று எதிர்பார்ப்பது கஷ்டம்.

டீலரே வேண்டாம் என்ற கட்சியும் இப்போது இருக்கிறது. மின்சார ஸ்கூட்டர் செய்யும் ஓலா கம்பெனி, கிருஷ்ணகிரி ஜில்லா போச்சம்பள்ளியில் பிரமாண்டமான தொழிற்சாலை கட்டி, இடையில் ஒருவரும் இல்லாமல் தானே விற்க ஆரம்பித்தது. தரகு மிச்சம் என்று பலரும் மெச்சினார்கள், நாமும் மெச்சியிருப்போம். 2024 அக்டோபரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் அந்தக் கம்பெனிக்கு நோட்டீஸ் அனுப்பிற்று. ஓராண்டில் தேசிய நுகர்வோர் உதவிப் பிரிவுக்கு வந்த புகார்கள் 10,000-க்கு மேல். அவற்றில் 99 சதவிகிதத்துக்கு மேல் தீர்த்துவிட்டோம் என்று கம்பெனி பதில் சொல்லிற்று. இருக்கலாம். ஆனால் வண்டி நின்றுபோனால் நேரே போய் மேஜையைத் தட்டிக் கேட்க ஊரில் ஒரு முகம் வேண்டும் என்பதை அந்தப் பதினாயிரம் பேரும் நன்றாக அறிந்திருப்பார்கள்.

வேளச்சேரிவாசிகளுக்கு இது வெள்ளத்தில் தெரிந்த பாடம். 2015 டிசம்பரிலும், மறுபடி 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும், இங்கே வீட்டு வாசலில் நின்ற வண்டிகள் ஸீட் வரையில் முழுகின. தண்ணீர் வடிந்ததும் வண்டியை உதைத்துப் பார்க்காத மனிதர் இல்லை. அது கூடாது. என்ஜினுக்குள் போன தண்ணீரோடு ஓட விட்டால் உள்ளே உள்ளதெல்லாம் வளைந்து போகும். முதலில் எண்ணெயை வடித்து, பிளக்கைக் கழற்றி, கார்புரேட்டரையும் பெட்ரோல் டாங்கியையும் சுத்தம் செய்தபின்பே ஸ்டார்ட் செய்ய வேண்டும். இதை ஜனங்களுக்குச் சொன்னவர்கள் யார்? பேட்டையிலுள்ள ஒர்க்ஷாப்புக்காரர்கள். வரிசையாக நின்ற வண்டிகளைப் பார்த்து, "தொடாதீங்க ஸார், அப்படியே தள்ளிக்கிட்டு வாங்க" என்று கத்திக்கொண்டிருந்தார்கள். அவர்கள் கடையிலும் தண்ணீர் புகுந்திருந்தது.

டீலர்கள் எல்லாரும் உத்தமர்கள் என்று சொல்ல வந்தோமில்லை. விலைச் சீட்டில் 'கையாளும் கட்டணம்' என்று ஒன்றைச் சேர்ப்பார்கள். எதைக் கையாண்டார்கள் என்று கேட்டால் சொல்ல மாட்டார்கள். இன்ஷூரன்ஸ் தங்களிடமே எடுக்க வேண்டும் என்று மிரட்டுவார்கள். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. புது வண்டியோடு தலைக்கவசம் தர வேண்டும் என்று விதி இருக்கிறது. அதற்கும் காசு கேட்பார்கள். வேண்டாத காவல் கம்பிகளை மாட்டிவிட்டு ஐயாயிரம் ரூபாய் பில் போடுவார்கள். இவற்றை நாம் மன்னிக்கவில்லை. ஆனால் வண்டியில் கிடைக்க வேண்டிய நியாயமான லாபத்தை வட்டியும் வாடகையும் தின்றுவிடும்போது, மனிதன் கம்பியில் லாபம் தேடுகிறான் என்பதும் கண்கூடு. மேலிருந்து பிழியும் பிழி கடைசியில் வாங்குவோர் மடியில்தான் வந்து இறங்குகிறது.

அமெரிக்காவில் கம்பெனிகளின் கொடுமை பொறுக்காமல் டீலர்கள் கூச்சலிட்டதன் பயனாக, 1956-ல் அவர்களுக்காகவே ஒரு சட்டம் வந்தது. கம்பெனி நேர்மையின்றி ஏஜென்ஸியை ரத்து செய்தால் டீலர் சமஷ்டிக் கோர்ட்டில் வழக்காடலாம். அங்குள்ள ராஜ்யங்களும் தகுந்த காரணமின்றி ஏஜென்ஸியைப் பறிக்கக் கூடாதென்று தனித்தனியே சட்டம் செய்திருக்கின்றன. நம் நாட்டில் டீலருக்கென்று தனிச் சட்டம் இல்லை. அவருக்கு இருப்பதெல்லாம் கம்பெனி வக்கீல் எழுதிய ஒப்பந்தம். அதில் கையெழுத்துப் போடும் இடம் மட்டுமே அவருடையது. 2020 டிசம்பரில் பாராளுமன்றத்தின் தொழில்துறை நிலைக்குழு, மோட்டார் தொழிலின் மந்தத்தைப் பற்றிக் கொடுத்த அறிக்கையில், டீலர்களைக் காப்பதற்கு ஒரு சட்டம் வேண்டும் என்று சிபார்சு செய்தது. சிபார்சு சிபார்சாகவே இருக்கிறது.

அந்தச் சட்டத்தில் என்ன இருக்க வேண்டும் என்பதற்குப் பெரிய நிபுணர்கள் தேவையில்லை. விலகிப் போகும் கம்பெனி, விற்காத வண்டிகளையும் உதிரி பாகங்களையும் வாங்கிய விலைக்கே திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும். தன் கட்டளைப்படி கட்டிய ஷோரூமுக்கு வருஷக் கழிவு போக மீதியைக் கொடுக்க வேண்டும். கேட்காத சரக்கை அனுப்பினால் அதன் வட்டி அனுப்பியவர் கணக்கில் விழ வேண்டும். கம்பெனிகள் மாதக் கணக்கில் 'விற்றது' என்று போடுவதற்குப் பதிலாக 'அனுப்பியது' என்று போடும்படி செய்தாலும் போதும், பாதி உண்மை வெளியாகும். ஒரகடமும் ஹோசூரும் போச்சம்பள்ளியும் நம் தமிழ்நாட்டிலேயே இருக்கின்றன. இங்கிருந்து டில்லிக்குச் சென்றிருக்கும் அங்கத்தினர்களில் யாராவது ஒருவர் இதைத் தனி மசோதாவாகக் கொண்டுவரலாம். நூறடி ரோட்டில் வோட்டுக் கேட்டு வந்தவர்களையே முதலில் கேட்கிறோம்.